டிராம்பேயில் கடிக்காத சிலந்தி

2004ஆம் வருடக் கடைசியில் ஸ்பைடர்மேன் வேட்டி கட்டிக்கொண்டார். இடுப்புக்கு மேலே பழைய உடுப்புதான்: சிவப்பு, நீலம், நெஞ்சில் சிலந்தி, முகத்தில் முட்டைக்கண் முகமூடி. இடுப்புக்குக் கீழே பளிச்சென்று வெள்ளை வேட்டி. நாற்பத்திரண்டு வருடம் உடம்போடு ஒட்டிய உடுப்பில் நியூயார்க் முழுக்கத் தொங்கிக்கொண்டிருந்தவர், மும்பைக்கு மாற்றலாகி வந்ததும் முதல் வேலையாகக் காற்றோட்டத்துக்கு வழி செய்துகொண்டார். மும்பைப் புழுக்கம் தெரிந்த யாரும் இதைக் குறை சொல்ல மாட்டார்கள்.

பெயர் பவித்ர பிரபாகர். பீட்டர் பார்க்கரின் இந்தியப் பதிப்பு. கூட இருந்தவர்களுக்கும் முதலெழுத்து கெடாமல் பெயர் சூட்டியிருந்தார்கள். பெரியப்பா பென், பீம் ஆனார். பெரியம்மா மே, மாயா ஆனார். மேரி ஜேன் என்ற பெண் மீரா ஜெயின் ஆனாள். வில்லன் நார்மன் ஆஸ்போர்ன், நலின் ஓபராய் ஆனான். வெளுக்கப் போடும் துணியில் எழுத்துப் போட்டு வைத்திருந்தார்கள் என்றால், ஒன்றைக்கூட மாற்றாமல் நியூயார்க்கிலிருந்து அப்படியே மூட்டை கட்டிக்கொண்டு வந்திருக்கலாம்.

மகாராஷ்டிரத்துக்காரர்களுக்கு மட்டும் இதில் ஒரு சந்தேகம் வரும். இங்கே ஓர் ஆள் முழு ஆளாவது மூன்று பெயரில்: தன் பெயர், அப்பா பெயர், குடும்பப் பெயர். பிரபாகர் என்பவர் நிச்சயமாக யாரோ ஒருவருடைய அப்பா. ஆகவே பவித்ர பிரபாகர் என்று படிவத்தில் எழுதிக் கொடுத்தால், கவுன்ட்டரில் இருப்பவர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, “ஆட்னாவ் காய்?” என்று கேட்பார். குடும்பப் பெயர் என்ன? புனேயை ஒட்டிய எங்கள் நிக்டியில் குடியேறிய தமிழர்கள் எல்லோரும் பட்ட பாடு இது. கடைசிக் கட்டத்தில் அப்பா பெயரைப் போட்டுவிட்டு, வங்கியில் அப்பா பெயராலேயே கூப்பிடப்பட்டு, நாளடைவில் அதற்கும் எழுந்து நிற்கப் பழகிவிடுவோம். அந்த வகையில் பவித்ர எங்கள் ஆள்.

இந்தக் காரியத்தைச் செய்தது காதம் என்டர்டெயின்மென்ட் என்ற நிறுவனம். மார்வெல், டிசி காமிக்ஸ்களை இந்தியாவில் வெளியிட்டுவந்தவர்கள். அதன் தலைவர் ஷரத் தேவராஜன், சுரேஷ் சீதாராமன், ஜீவன் காங் மூன்று பேரும் கதை பண்ணினார்கள். ஜீவன் காங் படமும் வரைந்தார். மொத்தம் நாலே இதழ். அந்த வருடம் ஜூலையில்தான் ஸ்பைடர்மேன் படத்தின் இரண்டாம் பாகம் இந்தியாவுக்கு வந்து இங்கிலீஷோடு ஹிந்தி, தமிழ், தெலுங்கும் பேசிக் கல்லா கட்டியிருந்தது. அடுப்பு சூடாக இருக்கும்போதே இன்னொரு தோசை.

வெறும் மொழிபெயர்ப்பு வேண்டாம், ஸ்பைடர்மேன் இந்தியாவிலேயே பிறந்திருந்தால் எப்படி இருந்திருப்பார் என்று அடியிலிருந்து யோசிக்கலாம் என்பது அவர்கள் எண்ணம். நல்ல எண்ணம். அதற்குப் பின்னால் ஒரு தத்துவமும் இருந்தது: மேற்கத்திய சூப்பர் ஹீரோ அறிவியலில் பிறந்தவன், இந்திய ஹீரோ புராணத்திலும் மந்திரத்திலும் பிறக்க வேண்டியவன். இந்தத் தத்துவம்தான் எல்லா வம்புக்கும் காரணம். அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் கதை.

பவித்ர கிராமத்துப் பையன். அப்பா அம்மா இல்லை. ஸ்காலர்ஷிப் கிடைத்து, பெரியப்பா பெரியம்மாவோடு மும்பைக்கு வந்து பெரிய இடத்துப் பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் சேர்கிறான். அவர்கள் அவனைப் பட்டிக்காட்டான் என்று கேலி செய்கிறார்கள். மீரா ஜெயின் ஒருத்திதான் முகம் கொடுத்துப் பேசுகிறாள். ஒருநாள் முரட்டுப் பையன்கள் துரத்த, ஓடுகிற ஓட்டத்தில் ஒரு யோகியின் எதிரே போய் நிற்கிறான். யோகி பழங்காலத்து ஆசாமி. உலகத்துக்குத் தீமை வரப்போகிறது, எதிர்த்து நில் என்று சொல்லி, சிலந்தியின் சக்தியைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுகிறார். மனுப் போட வேண்டியதில்லை, நேர்முகத் தேர்வும் கிடையாது. அந்தப் பக்கம் நலின் ஓபராய் ஒரு தாயத்தைக் கண்டெடுத்து ராட்சசனாகிறான். பச்சை நிறம் முதற்கொண்டு எல்லாம் முறைப்படி அமைகின்றன. டாக்டர் ஆக்டோபஸுக்கும் பேய் பிடிக்கிறது. நடுவில், ஒரு பெண்ணை ரவுடிகள் வளைத்துக்கொள்கிறார்கள். சக்தி கிடைத்த புதிதில் இருந்த பவித்ர, நமக்கென்ன என்று போய்விடுகிறான். காப்பாற்றப் போன பெரியப்பா பீம் கத்திக்குத்துப் பட்டுச் சாகிறார். இந்த ஒரு துக்கத்தை மட்டும் அமெரிக்காவிலிருந்து சேதாரமில்லாமல் கொண்டுவந்து சேர்த்திருந்தார்கள்.

வேட்டிக்கு வருவோம். அது பெரிய விஷயம். 2002இல் வந்த முதல் படத்தில் ஸ்பைடர்மேன் மழையில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு மேரி ஜேனுக்கு முத்தம் கொடுத்ததை உலகமே பார்த்தது. வேட்டி கட்டிய ஸ்பைடர்மேன் என்றதும் எந்தத் தமிழ் மனதுக்கும் முதலில் தோன்றுவது அந்தக் காட்சிதான். அதை நினைத்து உடனே பதறுவதும் தமிழ் மனதுதான். நாம் கட்டுகிற நாலு முழம் நியூட்டனுக்குக் கட்டுப்பட்டது. தலைகீழாகத் தொங்கினால் அது முகத்தை மூடும். முகமூடிச் செலவு மிச்சம் என்பதைத் தவிர அதில் வேறு நன்மை கிடையாது. மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு கட்டடத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவதைப் பற்றிப் பேசவே வேண்டாம். ஜீவன் காங் இதையெல்லாம் யோசித்திருக்க வேண்டும். அவர் வரைந்தது தார்பாய்ச்சிக் கட்டிய வேட்டி. மராட்டியத்தில் வயசாளிகள் ‘தோத்தர்’ என்று கட்டுவார்களே, கச்சம் வைத்து, பின்னால் இழுத்துச் செருகி, அந்த வகை. அதைக் கட்டிக்கொண்டு வயலில் வேலை செய்யலாம், குதிரை ஏறலாம், வேண்டுமானால் சுவரும் ஏறலாம். நாலு இதழிலும் எத்தனை பல்டி அடித்தாலும் பவித்ரவின் மானத்துக்கு ஒரு பங்கமும் வரவில்லை. இந்தியச் சூழலுக்கு ஏற்ப மாற்றியதில் முழு மார்க் கொடுக்கக்கூடிய இடம் இதுதான்.

யோகிக்கு நான் மார்க் தரமாட்டேன்.

அசல் கதை 1962 ஆகஸ்டில் அமேசிங் ஃபேன்டசி என்ற இதழின் 15ஆவது எண்ணில் வந்தது. ஸ்டான் லீ எழுதி ஸ்டீவ் டிட்கோ வரைந்தது. பீட்டர் பார்க்கர் மூக்குக் கண்ணாடி போட்ட அறிவியல் மாணவன். வீட்டில் காசு கிடையாது. பெரியம்மா வைக்கிற சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டு ஆய்வுக்கூடத்தில் நடக்கிற செயல்விளக்கத்தை வேடிக்கை பார்க்கப் போகிறான். கதிர்வீச்சில் அகப்பட்ட ஒரு சிலந்தி கடித்துவிட்டுச் சாகிறது. சக்தி சிலந்தியால் வந்தது. வலை மட்டும் அவனே கண்டுபிடித்தது. வீட்டில் உட்கார்ந்து ரசாயனம் கலக்கி, அதைப் பீய்ச்சுகிற கருவியை மணிக்கட்டில் கட்டிக்கொள்கிறான். உடுப்பும் தானே தைத்தது.

இப்போது இந்தப் பையனை இந்தியாவில் தேடுங்கள். கண்ணாடி, ஏழ்மை, ஸ்காலர்ஷிப், அறிவியல் பாடம், உறவினர் வீட்டில் தங்கிப் படிப்பு, பணக்காரப் பையன்களின் கேலி. தேடவே வேண்டாம், தெருவுக்கு நாலு பேர். ஆசியாவிலேயே ஸ்பைடர்மேனை ஒரு கமாகூட மாற்றாமல் இறக்குமதி செய்யக்கூடிய நாடு ஒன்று உண்டென்றால் அது நாம்தான். வேட்டியை மாற்றட்டும், பெயரை மாற்றட்டும். மாற்றத் தேவையே இல்லாத ஒரே சமாச்சாரம் அந்த அறிவியல் மாணவன். அவனைத்தான் எடுத்துவிட்டு யோகியை வைத்தார்கள்.

அதுவும் மும்பையில். கதிர்வீச்சுச் சிலந்திக்கு இந்தியாவில் ஓர் ஊரைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் குழந்தைகூட மும்பையைத்தான் காட்டும். டிராம்பேயில் அணுசக்தி ஆய்வுக்கூடம் 1954இல் வந்துவிட்டது. அங்கே அப்சரா உலை 1956 ஆகஸ்ட் 4ஆம் தேதி இயங்க ஆரம்பித்தது. சோவியத் யூனியனை விட்டுப் பார்த்தால் ஆசியாவுக்கே முதல் உலை. 1960இல் சைரஸ் என்று இரண்டாவது உலை. ஸ்டான் லீ சிலந்தியைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்த நாளில் மும்பைச் சிலந்திகளுக்கு எந்த உலையில் கூடு கட்டலாம் என்று தேர்ந்தெடுக்கிற வசதியே இருந்தது. சுற்றிலும் மாங்குரோவ் காடு வேறு. இத்தனையும் இருக்க, மும்பையில் கதை வைத்தவர்கள் டிராம்பே பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. டிராம்பே ஆய்வுக்கூடத்தை உண்டாக்கிய ஹோமி பாபா மேலிருந்து தலையில் அடித்துக்கொண்டிருப்பார்.

டிராம்பேக்குப் பக்கத்தில் எந்த ஊர்? செம்பூர். செம்பூரில் யார்? தமிழர்கள். அங்கே சிலந்தி சும்மா ஒரு நடை போய்க் கடித்திருந்தாலே ஸ்பைடர்மேன் தமிழனாக இருந்திருப்பான். மாயா ஆன்ட்டிக்குப் பதில் ஒரு பெரியம்மா இருந்திருப்பார். கதையின் போக்கே மாறியிருக்கும்.

“எங்கடா போய்ட்டு இந்நேரத்துக்கு வர்றே?”

“ட்ரெய்ன் லேட் பெரியம்மா.”

“ஹார்பர் லைனா?”

“ஆமா பெரியம்மா.”

“இன்னிக்கு ஞாயித்துக்கிழமை, ஹார்பர்ல மெகா பிளாக்னு காலைலேயே பேப்பர்ல போட்டிருந்தானே. வண்டியே ஓடலையேடா.”

“அதான் லேட் பெரியம்மா.”

“முதுகுல என்ன, இவ்வளவு ஒட்டடை?”

“டியூஷன் சார் வீட்ல வெள்ளையடிக்கிறாங்க.”

“அவர் வீட்டு ஒட்டடைய உன் முதுகுல ஏன்டா அடிக்கிறாங்க? சரி, கை காலக் கழுவிட்டு வா. மாடியிலேர்ந்து குதிச்சு வந்தா மட்டும் சாம்பார் சூடா இருக்குமா?”

அமெரிக்க மே பார்க்கர் பல வருடம் ஒன்றும் தெரியாமல் இருந்தார். செம்பூர்ப் பெரியம்மாவிடம் ரகசியம் ஒரு வாரம் தாங்கியிருந்தால் அதிகம்.

இந்திய வாசகனுக்கு அறிவியல் செரிக்காது, மந்திரம்தான் இறங்கும் என்று காதம் நிறுவனத்தாருக்கு யார் சொன்னார்களோ. சொன்னவர் சிவகாசிப் பக்கம் போனதில்லை என்பது நிச்சயம். 1972இல் அங்கே முத்து காமிக்ஸ் தன் முதல் இதழாக இரும்புக்கை மாயாவியைக் கொண்டுவந்தது. அவன் இங்கிலாந்துக்காரன், அசலில் லூயிஸ் கிராண்டல், ஆய்வுக்கூட உதவியாளன், ஒரு கை இரும்பு. மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறைந்துவிடும், இரும்புக்கை மட்டும் அந்தரத்தில் தெரியும். அவ்வளவுதான் விளக்கம். தமிழ்நாட்டில் ஒரு வாசகனாவது, இதில் சித்தர் எங்கே, கொல்லிமலை மூலிகை எங்கே என்று கேட்டுக் கடிதம் போட்டானா? பிளக் பாயின்ட்டில் ஒரு விரல் விட்டுப் பார்க்கலாமா என்று யோசித்ததோடு சரி. மின்வெட்டு நேரத்தில் மாயாவி என்ன செய்வார் என்பது ஒன்றுதான் நியாயமான சந்தேகமாக இருந்தது.

1984இல் சிவகாசியிலிருந்தே லயன் காமிக்ஸ் புறப்பட்டது. அந்த வருடமே ‘எத்தனுக்கு எத்தன்’ என்ற கதையில் ஸ்பைடர் அறிமுகமானார். ஸ்பைடர்மேன் வேறு, இவர் வெறும் ஸ்பைடர். 1965இல் இங்கிலாந்தில் பிறந்தவர். கூர்க் காது, கறுப்பு உடுப்பு, வலைத் துப்பாக்கி, பறக்கும் கார், கூடவே இரண்டு கையாட்கள். பெரிய சக்தி கிடைத்தால் பொறுப்பும் வரும் என்கிற உபதேசமெல்லாம் இவரிடம் நடக்காது. நியூயார்க்கின் அத்தனை குற்றவாளிகளுக்கும் தலைவனாக வேண்டும் என்பதுதான் லட்சியம். தமிழில் விருது கொடுப்பது மாதிரி ‘குற்றச் சக்கரவர்த்தி’ என்று பட்டம் சூட்டினார்கள். பிற்பாடு மனம் மாறி நல்லவரானது வேறு கதை. இவருடைய சாகசங்களில் பலவற்றை எழுதியவர், சூப்பர்மேனைப் படைத்த இருவரில் ஒருவரான ஜெர்ரி சீகல். சூப்பர்மேனைப் பெற்ற கைக்குத் தமிழ்நாட்டில் சோறு போட்டது, ஊரைக் கொள்ளையடிக்கிற ஒரு கூர்க் காது ஆசாமி.

ஆக, எண்பதுகளில் வளர்ந்த தமிழ்ப் பையனுக்கு ஸ்பைடர் என்றால் இவர்தான். பிறகு ஒருநாள் சிவப்பு நீல உடுப்பில், அழுமூஞ்சியாக, வாடகை பாக்கி வைத்துக்கொண்டு பீட்டர் பார்க்கர் வந்து நின்றபோது, யாரடா இவன் நம்மாள் பெயரை வைத்துக்கொண்டு திரிகிறான் என்றுதான் தோன்றியது. மாற்று உலகத்து ஸ்பைடர்மேன் என்று அமெரிக்கர்கள் இன்றைக்குப் பெருமையாகப் பேசுகிறார்கள். சிவகாசிக்காரர்களைக் கேட்டால், அந்த அமெரிக்கப் பையன்தான் மாற்று உலகத்திலிருந்து வந்தவன்.

ஜப்பானும் ஒரு ஸ்பைடர்மேனை உண்டாக்கியிருக்கிறது. 1978இல், டோயே நிறுவனம், தொலைக்காட்சிக்காக. அவர்கள் யோகியை வைக்கவில்லை. ஸ்பைடர் என்ற கிரகத்திலிருந்து வந்த ஒருவர், பைக் ரேஸ் ஓட்டும் டக்குயா யமாஷிரோவுக்குச் சக்தி கொடுக்கிறார். சக்தியோடு லியோபார்டன் என்ற ராட்சச ரோபோவையும் கொடுத்துவிட்டுப் போகிறார். சிலந்திக்கு எதற்கு ரோபோ என்று ஒருவரும் கேட்கவில்லை. வாராவாரம் கடைசியில் ரோபோ வந்து வாளை வீசினால் பூதம் காலி. அறிவியலும் இல்லாமல், புராணமும் இல்லாமல், எந்தச் சமாதானமும் சொல்லாமல், தனக்குப் பிடித்ததைத் தன் இஷ்டத்துக்குச் செய்தார்கள். அந்தத் தெம்பு நம்மவர்களிடம் இல்லை. அமெரிக்கக்காரன் இந்தியா என்றதும் எதை எதிர்பார்ப்பானோ அதைத் தட்டில் வைத்துக் கொடுத்துவிட்டார்கள்.

புனேயை விட்டுவிட்டு மும்பைக்குப் போனதிலும் எனக்குக் குறை உண்டு. நிக்டிக்காரனின் தற்பெருமை என்று நினைத்துக்கொள்ளுங்கள். இந்திய சூப்பர் ஹீரோக்களில் இரண்டு பேர் புனே ஓவியர் பிரதாப் முல்லிக்கின் தூரிகையில் பிறந்தவர்கள். அமர் சித்ர கதாவில் ஏராளமாக வரைந்தவர் அவர். 1983இல் சுப்ரீமோ: சாட்சாத் அமிதாப் பச்சன், இளஞ்சிவப்பு உடுப்பு, கறுப்புக் கண்ணாடி, தோளில் ஷாஹீன் என்ற வல்லூறு, கூடவே விஜய், அந்தோணி என்ற பெயரில் இரண்டு சிறுவர்கள். முந்தின வருடம்தான் கூலி படப்பிடிப்பில் அடிபட்டு அமிதாப் உயிருக்குப் போராடினார், நாடே கோயில் கோயிலாக ஏறி இறங்கியது. டிஸ்சார்ஜ் ஆன கையோடு உலகத்தைக் காப்பாற்றக் கிளம்பிவிட்டார். கதை ஆலோசகர் யார் என்று கேட்டால் மயக்கம் வரும்: கவிஞர் குல்ஸார். 1986இல் நாகராஜ், டெல்லி ராஜ் காமிக்ஸுக்காக. உடம்பெல்லாம் விஷம், தோலெல்லாம் பாம்பு. இவனை உண்டாக்கியவன் நாகமணி என்ற கெட்ட விஞ்ஞானி. திருத்தியவர் கோரக்நாத் என்ற சாமியார். விஞ்ஞானியும் வேண்டும் சாமியாரும் வேண்டும் என்றால் இப்படி இரண்டு பேருக்கும் வேலை கொடுக்கலாமே. காதம் நிறுவனத்தார் பதினெட்டு வருடத்துக்கு முன்னால் வந்த இந்தப் புத்தகத்தைப் புரட்டியிருந்தால் போதும்.

கடிக்கிற பூச்சிக்கும் புனேயில் பஞ்சமில்லை. இன்றைக்குத் தேசிய வைராலஜி நிறுவனம் என்று சொல்கிறோமே, அது 1952இல் வைரஸ் ஆராய்ச்சி மையமாகத் தொடங்கியது. 1957இல் கர்நாடகத்தின் கியாசனூர் காட்டில் குரங்குகள் செத்து விழுந்தபோது காரணமான வைரஸைக் கண்டுபிடித்தவர்கள் இவர்கள்தான். அந்த வைரஸைப் பரப்புவது காட்டு உண்ணி. உண்ணி பூச்சி இனம்கூட இல்லை, சிலந்திக்கு ஒன்றுவிட்ட உறவு. எண்ணிப் பாருங்கள், எட்டுக் கால். ஆராய்ச்சிக்கூடத்திலிருந்து தப்பிய ஓர் உண்ணி சிவாஜிநகரில் யாரையாவது கடித்திருந்தால் நமக்கு உண்ணிமனிதன் கிடைத்திருப்பான். பகைவன்மீது ஒட்டிக்கொண்டால் மண்ணெண்ணெய் ஊற்றாமல் விடுவிக்க முடியாது. சினிமாவாக எடுத்தால் யாரும் பார்க்க வரமாட்டார்கள் என்பது நிஜம். ஆனால் அறிவியல் சுத்தமாக இருந்திருக்கும்.

நிக்டியிலிருந்து பழைய மும்பை சாலையில் புனே பக்கம் கொஞ்ச தூரம் போனால் பிம்ப்ரி. அங்கே ஹிந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ். 1954இல் பெனிசிலின் தயாரிக்க அரசாங்கம் ஆரம்பித்த கம்பெனி. அங்கே வேலை பார்த்த மைசூர்க்காரர் எம். ஜே. திருமலாச்சார் பூஞ்சைகளைப் பற்றி எல்லாம் தெரிந்தவர். பிம்ப்ரி மண்ணில் கிடைத்த ஒரு நுண்ணுயிரிலிருந்து பூஞ்சைகளைக் கொல்லும் மருந்தை அவர் குழு எடுத்தது. நுண்ணுயிருக்கு ஊர்ப் பெயரையே வைத்தார்கள்: ஸ்ட்ரெப்டோமைசிஸ் பிம்ப்ரினா. மருந்துக்குக் கம்பெனி பெயர்: ஹாமைசின். பிம்ப்ரி மண்ணிலேயே ஒரு சக்தி இருக்கிறது, அதற்கு லத்தீனில் பெயர் இருக்கிறது, ஒரு ஐயங்கார் விஞ்ஞானி இருக்கிறார், அரசாங்கக் கம்பெனி இருக்கிறது. ஒரு சூப்பர் ஹீரோ பிறக்க இதற்கு மேல் என்ன வேண்டும்? படர்தாமரையை எதிர்த்துப் போராடுகிற ஒரு வீரனை இந்த மழைக்காலத்து ஊரில் எவ்வளவு கொண்டாடியிருப்பார்கள் தெரியுமா.

நேர்மையாக ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். ஸ்பைடர்மேன் நிக்டிக்கே வந்திருந்தால் பிழைப்பு ஓடியிருக்காது. தொங்குவதற்கு ஒன்றும் இல்லை. 1972இல் நகர வளர்ச்சி ஆணையம் அமைத்து, தொழிற்சாலைத் தொழிலாளர்கள் குடியிருக்கப் பகுதி பகுதியாகப் பிரித்துக் கட்டிய ஊர் இது. ஆணையம் கட்டிய பிராதிகரண் பகுதிப் பக்கம் போனால் மாடி வீடு, தோட்டம், கேட்டில் நாய். ஸ்பைடர்மேன் ஒரு வீட்டு மொட்டை மாடியில் வலையை ஒட்டித் தாவினால் அடுத்த வீட்டு முருங்கை மரத்தில் விழுந்துகிடப்பார். ஊரிலேயே உயரமானது பக்தி சக்தி சௌக்கில் நிற்கிற 107 மீட்டர் கொடிக்கம்பம். அதுவும் 2018இல்தான் வந்தது. தேசியக் கொடி பறக்கிற கம்பத்தில் வலை ஒட்டினால் முதலில் பிடிக்கப்போவது வில்லன் கிடையாது, போலீஸ். சிவாஜி மகராஜும் துக்காராமும் சந்திக்கிற சிலையில் காலை வைத்தால் போலீஸ் வருவதற்கு முன்னால் ஊரே வந்துவிடும். இப்போது பிம்ப்ரியிலிருந்து இந்தப் பக்கம் மெட்ரோ தூண்கள் எழும்பிக்கொண்டிருக்கின்றன. தொங்கலாம்தான். ஆனால் மெட்ரோ ஓட ஆரம்பித்ததும், தொங்கிக்கொண்டு போவதைவிட டிக்கெட் எடுத்து ஏசியில் உட்கார்ந்து போவது மேல் என்று அவருக்கே தோன்றிவிடும்.

நாலு இதழோடு பவித்ரவை எல்லோரும் மறந்தார்கள். தேவராஜன் சும்மா இருக்கவில்லை. ஸ்டான் லீயையே பிடித்து ‘சக்ரா’ என்று இன்னொரு மும்பைப் பையனை உண்டாக்கி 2013இல் கார்ட்டூன் நெட்வொர்க்கில் ஓடவிட்டார். இந்தத் தடவை பையன் ராஜு ராய் விஞ்ஞானக் கவசம் போட்டுக்கொள்வான். அந்தக் கவசம் அவன் உடம்பில் இருக்கிற சக்கரங்களை எழுப்பும். அறிவியல் பாதி, யோகம் பாதி. எட்டு ஒன்பது வருடத்தில் பாதி தூரம் வந்தார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

2014இல் மார்வெல் எல்லா உலகத்து ஸ்பைடர்மேன்களையும் ஒரே கதையில் திரட்டியபோது பவித்ரவுக்கும் அழைப்பு வந்தது. அவன் இருப்பது 50101 என்று எண் போட்ட பூமி. ரேஷன் கடை எண் மாதிரி இருந்தாலும் மரியாதைதான்.

2023 ஜூனில் வந்த ‘அக்ராஸ் தி ஸ்பைடர்வெர்ஸ்’ படத்தில்தான் ஆளுக்கு விமோசனம். மும்பையும் மன்ஹாட்டனும் கலந்த மும்பாட்டன் என்று ஓர் ஊர், அடுக்கடுக்காக, நெரிசலாக. தொங்க இடம் தாராளம். அந்த ஊரை எப்படி வரையலாம் என்று யோசித்த அமெரிக்கர்கள் இந்திரஜால் காமிக்ஸைத் தேடி எடுத்தார்கள். 1964இலிருந்து டைம்ஸ் ஆஃப் இந்தியாக்காரர்கள் வெளியிட்ட புத்தகம், தமிழிலும் வந்தது. அதன் கதாநாயகன் வேதாளன் ஒரு வெள்ளைக்காரன். அவனுடைய காடு முதலில் வங்காளம் என்று காதில் விழுகிற மாதிரி இருந்ததால், வம்பு வேண்டாம் என்று ஆசிரியர்கள் டெங்காலி என்று வரைபடத்தில் இல்லாத நாட்டுக்கு அவனைக் குடியேற்றினார்கள். ஊரையே இடம் மாற்றுகிற அந்தக் கை தேர்ந்தவர்களின் மசி பட்டுத்தான் மும்பாட்டன் உருவானது.

இந்தப் பவித்ர கலகலப்பானவன். ஸ்பைடர்மேன் ஆகி ஆறு மாதம்தான் ஆகிறது என்கிறான், எல்லாம் சுலபம் என்கிறான். கைவளையைக் கழற்றி வலையோடு வீசுகிறான். தலைமுடியின் ரகசியத்தில் தேங்காய் எண்ணெய்க்கும் பங்கு உண்டு என்கிறான். யோகியைப் பற்றி மூச்சு விடுவதில்லை. பத்து மொழிகளில் படம் வந்தது, மராத்தியும் தமிழும் உட்பட. ஹிந்திக்கும் பஞ்சாபிக்கும் குரல் கொடுத்தவர் கிரிக்கெட் வீரர் சுப்மன் கில். மும்பைப் பையன் பஞ்சாபியில் பேசியதைப் பற்றி மும்பையில் யாரும் வழக்குப் போடவில்லை.

எங்கள் கட்டடத்தில் மூன்றாம் மாடித் தமிழ்ப் பையன் அந்த வருடம் இன்ஜினியரிங் முதல் வருடம். படம் பார்த்துவிட்டு வந்தவன் படிக்கட்டில் என்னைப் பிடித்துக்கொண்டான்.

“அங்கிள், பவித்ர படிக்கிற பையன்தானே?”

“ஆமாம்பா. ஏன்?”

“உலகத்தைக் காப்பாத்தட்டும், வேணாங்கல. செவன்ட்டி ஃபைவ் பெர்சன்ட் அட்டெண்டன்ஸ் அவனுக்கு எப்படி அங்கிள் வரும்?”